தேய்மானம்

இரவு ஒன்றரை. கோட்டை, இருபத்தோராம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கி
ஒரு பெட்டியைத் தூக்கி, யோசித்து,
அதே இடத்தில் வைக்கிறது.
நியூயோர்க்கில் சந்தை மூடியாயிற்று.
நான் ஒருநாளும் காணாத தொழிற்சாலையின்
காலாண்டுக் கணக்கு
என் திரைக்கு வருகிறது.

ஒரு சிலிக்கன் தட்டில் அறுநூற்று நாற்பது சிப்.
வெட்டும்போது எழுபது செத்துப் பிறக்கும்.
செத்ததன் செலவையும்
பிழைத்ததுதான் சுமக்க வேணும்.
இதற்கு விளைச்சல் என்று பெயர் வைத்தவன்
வயல் வரம்பில் நடந்திருக்க மாட்டான்.

இயந்திரத்துக்கு ஆயுள் ஐந்து வருஷம், தாளில்.
ஓடினாலும் தேயும், நின்றாலும் தேயும்.
ஆகவே ஓட்டுகிறார்கள்.
ஓட்ட ஓட்டக் குவிகிறது,
குவியக் குவிய விலை விழுகிறது,
விழுந்ததை ஈடுகட்ட
இன்னும் ஓட்டுகிறார்கள்.
நாற்பத்தொன்றாய் இருந்த இலாப வீதம்
இருபத்தாறு.

சராசரி விற்பனை விலை: கழித்தல் பதினெட்டு.

கழித்தல்.
இந்த நகரத்தில் ஒரு விலைக்கு முன்னால்
அந்தச் சின்னக் கோட்டை
நான் வேறெங்கும் போட்டதில்லை.
பாண், காஸ், மின்சாரம்,
வெள்ளவத்தையில் யன்னல் இல்லாத என் அறை,
எல்லாம் கூட்டல்தான்.
இங்கே விலை இறங்கினால் வெடி கொளுத்துவோம்.
அங்கே இறங்கியதற்கு
துக்க வீட்டுக் குரலில் அறிக்கை எழுதுகிறேன்.

சனிக்கிழமை பம்பலப்பிட்டியில்
இஃப்ளால் நானாவின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மெமரி அட்டைகள்,
மீன் கடையில் சூடை அடுக்கியதுபோல.
"டொலர் உச்சத்தில் நிக்கேக்க எடுத்த சாமான், தங்கச்சி.
கப்பல் வாறதுக்குள்ள அங்க விலை விழுந்திட்டு.
நீங்க இந்த வேலைதானே,
இன்னும் விழுமா?"

விழும்.
அடுத்த காலாண்டில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் ஏழு.
எண் என் நாக்கின் நுனியில் இருந்தது,
நான் கையெழுத்திட்ட இரகசியப் பத்திரமும்.
"தெரியாது நானா" என்றேன்.
அவர் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டார்.
குடித்தேன்.
படி இறங்குவதற்குள்
அவர் இலாப வீதத்தை இரண்டு தசமத்துக்குக் கணக்கிட்டிருந்தேன்.
அதற்கு முன்னாலும் ஒரு கோடு.

ஐந்தரைக்கு அறிக்கை போயிற்று.
"அபாயங்கள்" என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி.
தேவை குறையலாம். கையிருப்பு கூடலாம்.
மூன்றாவதை இப்போது மறந்துவிட்டேன்.

நூறாம் இலக்க பஸ். காலி வீதி
இன்னும் முகம் கழுவவில்லை.
கொண்டக்டர் மிச்சம் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஆறு ரூபா.
இரவு முழுக்க நான் பார்த்ததில்
ஒரே வளர்ச்சி.