ஐந்நூற்றைம்பது

காலை பத்து பத்துக்கு முதல் கடிதம் திரும்பி வந்தது.
புனேவுக்குப் போன விலைப்புள்ளி.
மேலே ஓர் எண்: 550.
கீழே, மரியாதையாக,
வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று.

பத்தே காலுக்குள் பதினேழு.
கோவை, ஓசூர், ஒரகடம்,
இதே கப்பலூர்த் தொழிற்பேட்டையில்
மூன்றாவது தெருப் பெயின்ட் கம்பெனி.
நடந்து போய்க் கொடுத்தால் டீயும் தருவார்கள்.
அனுப்பினால் வாசலோடு திருப்புகிறார்கள்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.
"உள்ள வருது, வெளிய போக மாட்டேங்குது."
டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

வன்னியராஜ் சார் வரவில்லை. குரல்தான் வந்தது,
ரப்பர் வேகும் வாசனையோடு:
"மூணு மணிக்கு டெண்டர் முடியுது.
எங்கிட்டாவது சுத்தி அனுப்பும்மா."

எங்கிட்டும் சுற்ற வழியில்லை.
வெளியே போகும் கதவு ஒன்றுதான்.
அதன் எண் இருபத்தைந்து.

முதலில் பழியைத் தூரத்தில் வைத்தேன்.
போன வெள்ளிக்கிழமைதான் லைன் மாற்றினோம்.
புது லைன், புது ஐபி.
வாடகை வீடு மாதிரி;
முன்னே குடியிருந்தவன் வாங்கிய கடனுக்கு
நம் கதவைத் தட்டுவார்கள்.
போதாக்குறைக்கு
பெயரைக் கேட்டால் எண்ணைச் சொன்ன டிஎன்எஸ்
எண்ணைக் கேட்டால் எங்களைத் தெரியாது என்றது.
லைன் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன்.
பன்னிரண்டு நிமிடம் வீணை.
"ரிவர்ஸா? மேடம், லைன் இருக்குல்ல?"

ஒருவழியாக எங்கள் பெயரை எழுதினார்கள்.
என் சொந்த முகவரிக்கே சோதனையாக ஒன்று அனுப்பினேன்.
550.
இம்முறை காரணமும் வந்தது:
உங்கள் எண் கறுப்புப் பட்டியலில்.
சேர்த்தது இன்று அதிகாலை மூன்று பதினாறு.

இன்று.
முன்னே குடியிருந்தவன் தப்பித்துக்கொண்டான்.

லாகைத் திறந்தேன்.
டோல்கேட்டில் விடிய விடிய லாரி நிற்குமே,
அப்படி, ஒன்றின் பின் ஒன்று,
நாற்பத்தோராயிரம் கடிதம்.
பரிசு விழுந்ததாக, பார்சல் காத்திருப்பதாக,
எங்கோ தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு
கேஸ்கெட் செய்யும் எங்கள் பெயரில்.

ஸ்டோர்ஸ் ஒச்சப்பன் என்று நினைத்தேன்.
எது மின்னினாலும் அமுக்குகிற கை.
கேட்டுவிட எழுந்தும் விட்டேன்.
உட்கார்ந்து மறுபடி படித்தேன்.
அனுப்பிய கணக்கின் பெயர்: ஸ்கேன்.

சலான்களைப் படமெடுத்து மெயிலில் போடும்
ஸ்டோர்ஸ் மெஷினுக்காக,
சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின நாள்,
ஆறரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
நான் திறந்த கணக்கு.
பாஸ்வேர்டும் ஸ்கேன்தான்,
கூடவே ஒன்று இரண்டு மூன்று.
நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.
அந்த நாளைக்கு இப்போது பதினாறு மாதம்.

கணக்கை மூடினேன். க்யூவில் கிடந்த குப்பையை அள்ளினேன்.
பட்டியலிலிருந்து விடுவிக்கும் படிவத்தில்
கடைசியாக ஒரு பெட்டி:
என்ன நடந்தது?
மனிதர் யாரும் படிக்கப் போவதில்லை.
'வெளித் தாக்குதல்' என்று எழுதினேன். அழித்தேன்.
'லைன்காரர் கோளாறு.' அதையும்.

கதவருகே ஒச்சப்பன், கையில் சலானோடு.
"தாயி, ஸ்கேனர் ஓடல.
சத்தியமா நான் எதையும் அமுக்கல."
யாரும் கேட்காமலே சொன்னார்.
இந்த ஆபீஸில் எது நின்றாலும்
முதலில் சத்தியம் செய்கிறவர் அவர்தான்.

"நீங்க இல்லண்ணே, நான்தான்" என்றேன்.
அதையே பெட்டியிலும் எழுதினேன்:
எளிய பாஸ்வேர்ட். வைத்தது நான்.

இரண்டு ஐம்பதுக்கு 250 வந்தது;
பெற்றுக்கொண்டோம் என்று பொருள்.
வரிசையில் முதலில் நின்றது டெண்டர் இல்லை.
ஜெசிந்தா காலையில் பள்ளிக்கு எழுதியது:
என் மகனுக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டான்.
அது போனது.
அடுத்து டெண்டர்.