நாற்பத்தெட்டு

செருப்பைக் கழற்றச் சொன்னாள் ஃபெனா.
முதுகு சுவரோடு. குதிகாலும் சுவரோடு.
கால்களுக்கிடையில் கெட்டி அட்டைப் புத்தகம்,
உதிரிபாகங்களின் விலைப்பட்டியல்.
"இன்னும் மேலே இழுங்கள், கூச்சப்படாமல்,
சீட்டில் உட்கார்ந்த மாதிரி அழுத்தட்டும்."
அறுபத்திரண்டு வயதில்
ஹார்லிங்கன் துறைமுகத்துக் கடையில்
ஒரு விலைப்பட்டியலின் மேல்
சவாரி போய்க்கொண்டிருந்தேன்.

எழுபத்திரண்டு, என்று பென்சிலால் கோடு போட்டாள்.
எதனாலோ பெருக்கினாள்.
ஃப்ரேம் நாற்பத்தெட்டு.

வீப்ரனின் கோடு
என் கோட்டுக்கு ஒரு சாண் மேலே விழுந்தது.
அறுபத்திரண்டு.

சேமிப்பில் இருந்ததோ
ஒரே ஒரு மோட்டாருக்கான காசு.

பால் தொழிற்சாலையில் முப்பது வருடம்
கணக்கு எழுதியவன் அவன்.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி
"ஐம்பத்தைந்து" என்றான்,
வழக்கு தீர்ந்த முகத்தோடு.
சீட்டை ஏற்றலாம் இறக்கலாம்,
திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு.
ஃபெனா நகத்தடிக் கிரீஸைச் சுரண்டியபடி சொன்னாள்:
"சீட்டு ஏறும் இறங்கும்.
ஃப்ரேம் ஏறாது.
ஐம்பத்தைந்துக்கான கால்
இந்தக் கடையில் யாருக்கும் இல்லை."

அவன் கேட்கவில்லை.
நானும்தான்.
ஐம்பத்தைந்தில் ஏறி ஓட்டிப் பார்த்தேன்.

அடடா, அந்த முதல் உந்தல்!
யாரோ இடுப்பில் கைவைத்து
போ போ என்று தள்ளியதுபோல.
கல் பாவிய தெரு, மீன் கடை, சுங்கச் சாவடி,
எல்லாம் தாமாகவே பின்னால் போயின.
அப்போது பாலத்தில் மணி அடித்தது.
சிவப்பு விளக்கு. பாய்மரப் படகு ஒன்று வருகிறது,
பாலம் தூக்கப் போகிறார்கள்.

நின்றேன்.
நிற்க முயன்றேன்.
கட்டைவிரல் தரையைத் தேடியது.
தரை இன்னும் கொஞ்சம் கீழே இருந்தது.

பழைய சைக்கிள் சாய்ந்தால்
தொடையால் தாங்கிப் பிடிக்கலாம்.
இது இருபத்தேழு கிலோ.
படுக்க முடிவெடுத்துவிட்ட கன்றுக்குட்டி.
அவசரமே இல்லாமல் சாய்ந்தது,
நானும் அதனோடு அவசரமில்லாமல்.
கடந்துபோன படகிலிருந்து ஒருவர்
தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

மட்கார்டில் கீறல்: நாற்பது யூரோ.
முழங்கையில் கீறல்: கணக்கில் வராது.

கடைக்குத் திரும்பினோம்.
சுவரில் இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன.
வீப்ரன் வெகுநேரம் மேல் கோட்டைப் பார்த்தான்,
பிறகு கீழ்க் கோட்டை.
"உன் அளவையே எடு,
எனக்கு முழங்கால் இன்னும் இருக்கிறது" என்றான்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை அதில்.
தட்டில் மிஞ்சிய கடைசி உருளைக்கிழங்கை
அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருப்போமே,
அந்தக் குரல்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
அட்டையை நீட்டினேன்.

நாற்பத்தெட்டில் உட்கார்ந்தபோது
இரண்டு பாதங்களும் தரையில் அழுந்தின.
கைப்பிடி தானாக வந்து கையில் அமர்ந்தது.
இத்தனை வருடமும்
அக்காவின் சைக்கிள், அத்தையின் சைக்கிள்,
ஏலத்தில் வந்த தபால்காரர் சைக்கிள்,
எல்லாவற்றுக்கும் நானே நீண்டும் மடங்கியும்
இடம் கொடுத்திருக்கிறேன்.
என் அளவு என்று ஒன்று
உலோகத்தில் உண்டென்று
யாரும் சொன்னதில்லை.

கிம்ஸ்வேர்டுக்குத் திரும்பும் அணைக்கரைப் பாதை.
தென்மேற்குக் காற்று நேர் முகத்தில்.
முப்பத்துநான்கு வருடம் இந்தப் பாதையில்
அவன் முன்னால், நான் பின்னால்.
அவன் முதுகுதான் என் சுவர்.
அதன் மச்சங்களையே சட்டைக்கு மேல் எண்ணிவிடுவேன்.

இன்று நான் முன்னால்.
என் முதுகில் ஒளிய வேண்டுமென்றால்
அவன் குனிய வேண்டும்.
திரும்பிப் பார்த்தேன், குனிந்திருந்தான்,
கைப்பிடியில் தாடை படும் அளவுக்கு.
போதவில்லை.
நாற்பத்தெட்டுக்குப் பின்னால்
அறுபத்திரண்டுக்கு எங்கே மறைப்பு?

ஏதோ கத்தினான்.
காற்று அதை ஆடுகள் பக்கம் கொண்டுபோயிற்று.
முன்பு நான் கத்தியதையெல்லாம் கொண்டுபோன
அதே பக்கம்.

கட்டைவிரலடியில் இரண்டு பொத்தான்கள்,
கூட்டல், கழித்தல்.
மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கினேன்.

உடனே அல்ல.
அடுத்த மதகு தாண்டி.