இருபத்தொன்றாம் மூடி

அயனாவரம் பூங்காவில்
நடக்க வருபவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
வேகமாகக் கடக்கும் அந்த வளைவில்தான்
எங்கள் வேனுக்கு இடம் கொடுத்தார்கள்.
பணி நடைபெறுகிறது, பொறுத்தருள்க.
என்ன பணி என்று பலகையில் இல்லை.

கேமராவுக்கு நான்கு சக்கரம், ஒற்றைக் கண்.
அதைக் குழாய்க்குள் விட்டு
கதவைச் சாத்தித் திரை பார்ப்பது என் வேலை.
ஆறு மீட்டரில் விரிசல்.
ஒன்பதில் மூட்டு விலகல்.
பதினொன்றிலிருந்து பதினான்கு வரை வேர்,
ஊறப்போட்ட தேங்காய்நார் மாதிரி.

வெளியே வந்து அண்ணாந்தேன்.
தூங்குமூஞ்சி மரம்.
மற்ற மரமெல்லாம் சருகு கொட்டிய மூன்று கோடையிலும்
இது மட்டும் குடை சுருங்காமல் நின்றதாம்.
அஞ்சலாட்சி இந்த மூலைக்கு ஹோஸ் இழுத்ததே இல்லை.
"அதுக்கு வேண்டியத அதுவே பாத்துக்கும்மா."

தேசப்பனுக்கு இப்போது
மூடி திறக்கும் வேலை மட்டும்.
கொக்கி மாட்டி, நெம்பி, ஒதுங்கி நிற்கவேண்டும்.
ஆள் இறங்கக் கூடாது: ஒப்பந்தம், ஆறாம் பக்கம்.
உள்ளே வந்து பாருங்கள் என்றேன்.
செருப்பைக் கழற்றினார்.
வேண்டாம் என்றேன்.
கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

திரையில் இருபத்தொன்றாம் மூடியின் அடி.
செங்கல் வட்டம், துருப்பிடித்த படிகள்.
பதினெட்டு வருடம்
கையால், காலால், ஒருமுறை நெற்றியால்
தெரிந்து வைத்திருந்த இடம்.
கண்ணால் இன்றுதான்.
வெகுநேரம் கழித்து,
"இவ்ளோ சின்னதா?" என்றார்.
பிறகு,
"கல்லு செவப்பாதான் இருக்கு."
பிறகு,
"முனிரத்தினம் அந்தப் பக்கமாதான்..."

ஜாய்ஸ்டிக்கில் என் கை இருந்தது.
திருப்பவா என்று கேட்கவில்லை.
அந்தப் பக்கத்துக்கு அறிக்கையில் ஒரு வரி உண்டு:
சுவர் தேய்மானம், நடுத்தரம்.

ராத்திரி உறை செலுத்தினோம்.
சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவதுபோல
பிசின் ஊறிய துணிக்குழாய்
தண்ணீர்ப் பாரத்தில் புரண்டு புரண்டு போனது.
பழசுக்குள் புதுசு.
ஒரு செம்பருத்திகூடச் சாயவில்லை.
வெந்நீரில் அது இறுகும்வரை
யாரும் தண்ணீர் விடாதீர்கள் என்று
வீடு வீடாகச் சொல்லியிருந்தோம்.
இரண்டு மணிக்கு
பின்சந்தில் யாரோ குளித்தார்கள்.
அவர்கள் வாசல் மூடியைச் சுற்றி
சீயக்காய் நுரை.

ஐம்பது வருடம் தாங்கும் என்றார் கம்பெனிக்காரர்.
ஒரு சொட்டு வெளியே போகாது,
ஒரு வேர் உள்ளே வராது.
நாற்றம் போய்விட்டது.
அந்த வளைவில் இப்போது இரண்டு பேர்
நின்று பேசுகிறார்கள்.

ஐந்தாவது வாரம் கணக்கு முடிக்கப் போயிருந்தேன்.
புல் பழுப்பேறியிருந்தது.
அஞ்சலாட்சி ஹோஸை இழுத்து இழுத்துப் பார்த்தாள்,
மரத்துக்கு எட்டவில்லை.
இன்னும் பத்து மீட்டர் கேட்டு
மனு எழுதித் தரச் சொன்னாள்.
பெயர், வார்டு, பூங்கா எல்லாம் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

கசிவு நிறுத்தப்பட்டது, என்று எழுதினேன்.