எரிரு

அல் மரியா தீவில் அதிகாலை நான்கு மணி.
ஹமாமட்சுவில் ஒன்பது.
அங்கே உடற்பயிற்சி முடித்துத் தொப்பி மாட்டி
நிற்கிறார்கள் அறுபத்திரண்டு பேர்.
இங்கே ஏசிக் குளிரில் நான் ஒருத்தி.
கேமராவுக்குத் தெரிகிற பாதிக்கு மட்டும் கோட்டு.

ஹிரானோ ரப்பர் செய்வது ஒரே சாமான்,
கறுப்பு வளையம்.
சிறியது சுண்டுவிரலுக்கு ஆகும்.
பெரியதை வளையலாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன்,
யாரும் இல்லாத நேரம்.
கடலைக் குடிநீராக்கும் பம்புகளுக்குள்
அழுத்தத்துக்கும் கசிவுக்கும் நடுவே
அது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

என்ன வேலை என்று கேட்ட
கடையநல்லூர் டாக்ஸிக்காரரிடம் சொன்னேன்:
கம்பெனிகளை வாங்கி, வளர்த்து, விற்பது.
"கோழிப்பண்ணை மாதிரியா?"
கிட்டத்தட்ட, என்றேன்.
பாலம் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.

மூன்றாம் சந்திப்பில்
ஹிரானோ-சான் ஒன்றே ஒன்று கேட்டார்:
நீங்கள் விற்கும்போது யாருக்கு விற்பீர்கள்?
பிறகு மௌனம். நாற்பது நொடி.
மொழிபெயர்ப்பவள் தன் பேனா மூடியைப் பார்த்தாள்.
சந்து கிடைத்தால் புகுந்து பேசிப் பழகியவள் நான்.
ஐந்து ஸ்லைடு போட்டு அந்த நாற்பதையும் அடைத்தேன்.
அவர் தலை அசைத்தார்.
சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.
கேட்டுக்கொண்டேன் என்பதற்கும்
அங்கே அதே அசைப்புதான் என்று
பிறகுதான் தெரிந்தது.

கையெழுத்தான அன்று எனக்கொரு முத்திரை செதுக்கித் தந்தார்கள்.
எழில் என்ற பெயர் அவர்கள் எழுத்தில் நுழையாது.
ழகரம் கிடையாது, லகரமும் கிடையாது
(நம்மில் பாதிப் பேருக்கே ழ வராது, அவர்களைச் சொல்லி என்ன).
எரிரு, என்று விழுந்தது சிவப்பு மையில்.
எரி. இரு.
இரண்டு ஏவல்.
இரண்டையும் ஒருசேரச் செய்வது எப்படி என்று
ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை.

வளர்ச்சி எளிதாகத்தான் கிடைத்தது.
நூற்றிருபது யென் வளையம்
இந்தக் கரைக்கு வந்து சேர்கையில் ஒன்பது மடங்கு.
நடுவில் ஒசாகா, சிங்கப்பூர், சார்ஜா.
"மூன்று கை நீக்கம்" என்று ஒரு வரி.
வரைபடம் உடனே நிமிர்ந்து நின்றது.

சார்ஜா, இன்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
ஷட்டரை முக்கால் ஏற்றிய கடை.
குனிந்துதான் போனேன்.
"மேடம் தமிழா? மெயில்ல தெரியலியே," என்றார் ஷேக் மதார்.
கோபத்தைத் தேடினேன்.
லெமன் டீதான் வந்தது.
மூன்று கையில் மெலிந்த கை அவருடையது.
"இந்த ரப்பர் ஆகஸ்ட்ல எப்படி நடந்துக்கும்னு
செஞ்சவங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்."
கோடு போட்ட நோட்டு ஒன்றை நகர்த்தினார்.
எந்தப் பம்பு, எந்த மாதம்,
மாட்டிய எத்தனையாம் நாள் கசிந்தது.
இருபத்தொரு கோடை.
எங்கள் ஆய்வறிக்கைக்கு
நாலு லட்சம் டாலர் கொடுத்திருந்தோம்.
அதில் கோடை என்ற சொல்லே இல்லை.

கமிட்டிக்கு முன் ஒரு வரி சேர்த்தேன்:
சார்ஜா தொடரும்.
லாபத்தில் அரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவு.
முதலுக்கு மோசமில்லை.
"ஏன்?" என்றார் கமால்.
நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.
வாய் திறந்தது, மூடிக்கொண்டது.
எண்ணத் தொடங்கினேன்.
பதினெட்டில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள்.
முப்பத்தொன்றில் அவர் கடிகாரம் பார்த்தார்.
முப்பத்தாறில் ஒரு நாற்காலி முனகியது.
"அடுத்த பக்கம்," என்றார்.

அது ஆமாவா இல்லையா,
மினிட்ஸிலும் இல்லை.
மதார் வாரம் ஒருமுறை 'குட் மார்னிங்' ரோஜா அனுப்புகிறார்.
வேறெதுவும் கேட்பதில்லை.

இன்றும் நான்கு மணி.
திரையில் ஹிரானோ-சான், பின்னால் மழை.
அவரும் கேட்பதில்லை.
ஐந்தாம் ஆண்டு, வாங்குபவர் பெயர்:
அந்தக் கட்டம் காலி.
கர்சர் துடிக்கிறது.
எழுந்து குழாயைத் திறக்கிறேன்.
கட்டைவிரலில் சிவப்பு மை.
தண்ணீர் வருகிறது, நேற்றுவரை கடலாக இருந்தது.
மை போகவில்லை.