நான்காம் நாள்

முதல் நாள் எண்ணூறு சோற்றுப்பொதி.
இருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
மிச்சத்தைக் கிணற்றடியில்
நாய்கள் பிரித்தன.

இரண்டாம் நாள் வந்த பாண்
படத்தில் நன்றாக விழுந்தது.

இரணைமடுவின் வான்கதவு திறந்த செய்தி
விடியப்புறம் மூன்று மணிக்குப்
பன்னங்கண்டிக்குத் தெரிந்தது,
பாயை நனைத்த தண்ணீரால்.

எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு.
கரும்பலகையில் அழிக்காமல் விட்ட ஒரு கணக்கு.
வாங்கில் இருந்து பெயர் பதிகிறேன்.
கேதீஸ்வரி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஆடு.
ஆட்டுக்குப் படிவத்தில் இடமில்லை.
கேட்க முன்னமே அடையாள அட்டையை நீட்டினாள்,
பொலித்தீனில் மூன்று சுற்று, ஒரு சொட்டு ஈரமில்லை.
அந்தச் சுற்றை எங்கே பழகினாள் என்று
நான் கேட்கவில்லை.
நானும் அங்கேதான் பழகினேன்.

இன்று நான்காம் நாள்.
சோறு வரவில்லை.
அதிபர் வந்தார்: "திங்கள் சோதினை."
செயலகத்திலிருந்து போன்: "எப்ப எழும்புவினம்?"
டவுனில் அறை தேடிப்போன அவள் தம்பியிடம்
ஆறு மாத முற்பணம் கேட்டார்களாம்,
ஊர் பேரைக் கேட்டபிறகு எட்டு.

"சேர், ஏ-ஒன்பதுக்குக் கிழக்காலை
புதுசா மதில் கட்டின வளவு
வாய்க்காலெல்லோ?
தண்ணி பிறகு எங்காலை போகும்?"

பேனையை மூடினேன்.
அந்த வளவில் முன்பக்க மூன்று பரப்பு
என் பெயரில் இருக்கிறது.
வங்கிக்கடன் இன்னும் ஏழு வருடம்.

மேசைக்குக் கீழே நின்ற ஆடு
படிவத்தின் ஓரத்தைச் சப்பத் தொடங்கிற்று.
நான் இழுக்கவில்லை.