ஒன்றுக்கு ஒன்பது

தந்திலில் விடிகாலை ஐந்தரை.
மெல்போர்னில் ஞாயிறு இரவு தொடங்கியாயிற்று.
எங்களுக்குச் சனி இரவே இன்னும் முடியவில்லை.

கிளப் கேன்டீனில் யாரும் இடம் மாறி உட்காரக்கூடாது.
அரையிறுதியில் இர்மா சமையலறை வாசலில்
ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே நின்றிருந்தாள்.
முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்கிறவள்
இன்றும் அப்படியே நின்றாள்.
கறிக்கடை ஒராசியோ கழிவறைக்குப் போகக்கூடாது,
போனால் சர்வீஸ் போய்விடும்.
அவன் கொண்டுவந்த சலாமி முழுசாக மேசையில்;
கோப்பையைத் தூக்கிய பிறகுதான் கத்தி.
செலஸ்தேயின் நாயைக்கூட
வெள்ளிக்கிழமை படுத்த மூலையிலேயே
பிஸ்கட் போட்டுப் படுக்கவைத்தார்கள்.

என் பங்கு யாருக்கும் தெரியாது.

நான் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறவள்.
லிசாந்த்ரோவின் முதல் ராக்கெட்
(அக்காளுடையது, பிடியில் பூப்போட்ட டேப்)
கட்டிக்கொடுத்த காசு இன்னும் பாக்கி.
இருபத்திரண்டு வருஷமாய்ப் பந்தயம் கட்டுகிறேன்:
குதிரை, கால்பந்து, ஒருமுறை தேர்தல்.
நான் பணம் வைத்த எதுவும் ஜெயித்ததில்லை.
"எல்விரா எதன்மேல் கட்டினாள்?" என்று விசாரித்துவிட்டு
ஊரே மற்றதன்மேல் கட்டும்.

அதனால்தான், சனிக்கிழமை இரவு, சத்தமில்லாமல்
இருபதாயிரம் பெசோவை
அந்த எஸ்தோனியப் பையன்மேல் வைத்தேன்.
தார்மோ. தரவரிசையில் நூற்று முப்பத்தொன்று.
தகுதிச்சுற்று வழியாக உள்ளே வந்தவன்.
ஒன்றுக்கு ஒன்பது.
மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பதுபோலத்தான் வைத்தேன்.

முதல் இரண்டு செட்டும் எங்களுக்கு.
மூன்றாவதில் ஐந்துக்கு மூன்று, நாற்பதுக்குப் பதினைந்து.
பக்கத்து மேசைக்காரன் முன்கூட்டியே அழ ஆரம்பித்துவிட்டான்.
லிசாந்த்ரோ அடித்தான். பந்து வலையின் விளிம்பில் ஏறி
நின்றது.
நிஜமாகவே நின்றது,
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆடிக்கொண்டு.
கேன்டீனில் ஒருவரும் மூச்சு விடவில்லை,
நான் உட்பட.
பிறகு
எங்கள் பக்கம் விழுந்தது.

அடுத்த புள்ளி, இரட்டைப் பிழை.
அதற்கப்புறம் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.
காற்று என்கிறார்கள், புது ஷூ என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
நான்காவது செட்டில் ஒராசியோ எழுந்து
கழிவறைக்குப் போனான்,
யாரும் தடுக்கவில்லை.

பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது.
திரையில் அந்தப் பையன் மல்லாந்து கிடந்தான்.
எழுந்தபோது யாரிடம் ஓடுவதென்று தெரியவில்லை அவனுக்கு;
அவன் ஆட்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில்
இரண்டே பேர், அதில் ஒருவர் தூங்கி எழுந்த முகத்தோடு.
நல்ல பையன். வெறுக்க முடியவில்லை.
அதற்கே அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

மாத்தே ஆறிப்போயிருந்தது. தேவாலய மணி அடித்தது.
இர்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
"என்னால்தான்" என்றாள்.
"கால் மரத்துப்போய் மாற்றிவைத்தேன். மூன்றாவது செட்டில்.
ஒரே ஒருதரம்."
எல்லோரும் இல்லை இல்லை என்றார்கள்,
யாரும் அவள் பக்கம் பார்க்காமல்.
என் ஏப்ரன் பையில் போன் ஒருமுறை துடித்து அடங்கியது.
எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.
ஒன்பது இருபது நூற்றெண்பது.

எங்கள் ஊர் மலைமேல் ஒரு பாறை இருந்தது.
விளிம்பில் நின்று ஆடிக்கொண்டே இருக்கும்,
அடியில் பாட்டில் வைத்தால் நொறுக்கிவிடும்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில்
ஒருநாள் விழுந்துவிட்டது, யாரும் பார்க்காதபோது.
யார் தள்ளினார்கள் என்று இன்னும் கேட்கிறார்கள்.
இப்போது அங்கிருப்பது நகல்.
இறுக்கிப் பொருத்தியது, ஆடாது.

இர்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன்.
முப்பத்தொரு பேரின் காலைச் சாப்பாட்டுக்கும்
நானே பணம் கட்டினேன்.
"உனக்கேது காசு, எல்விரா?" என்றான் ஒராசியோ.

சலாமியை வெட்டு, என்றேன்.