நாற்பத்து மூன்றாவது வாரம்

பேரணாம்பட்டு ஏழு.
குடியாத்தம் நான்கு.
ஒடுகத்தூர், பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை நான் நம்பவில்லை.
மருந்துக்கடை தயாநிதி போனில் சொன்னார்,
காய்ச்சல் மாத்திரை வியாழனுக்குள் தீர்ந்துவிட்டதாம்,
வேலூருக்கு ஆள் அனுப்பியிருக்கிறாராம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
டெல்லிக்குக் கட்டங்கள் மட்டும்தான் போகும்.

ஏழில் ஒருவன் இர்ஃபான்.
ஆறு வயது. முதல் குச்சியைக் கடித்துத் துண்டாக்கினான்.
இரண்டாவதற்குக் கண்ணை இறுக்கிக்கொண்டு
வாயைத் திறந்தான்.
ஷூ கம்பெனிப் பசை காய்ந்த விரல்களால்
மூக்கைத் துடைத்துவிட்டபடி அம்மா கேட்டாள்:
ரிசல்ட் எப்ப வரும்?
பத்து நாள் ஆகும்.
அதுக்குள்ள இவன் ஸ்கூலுக்கே போயிடுவானே.
போயிடுவான்.
அப்ப இது யாருக்கு?

அரை நாள் லீவுக்கு
அவளுக்குக் கூலி பிடிப்பார்கள்.
நாடு, தடுப்பூசி, அடுத்த வருஷம் என்று
ஏதோ சொன்னேன்.
தலையாட்டினாள், பையனுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே.

காட்பாடி தாண்டி
பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
மடியில் ஐஸ் பெட்டி.
கீழே மணல், நாணல், கிரிக்கெட் ஆடும் பையன்கள்.
அவர்களுக்கு ஸ்டம்பாக நிற்கிற தூணில்
வெள்ள அளவு எண்கள்.
புது பெயின்ட்.
யாரோ ஏணி போட்டு ஏறி
ஒன்று, இரண்டு, மூன்று என்று
வராத தண்ணீருக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

பின் சீட்டில் ஒருவர் இருமினார்.
கண்டக்டரும்.
அவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை.
பெட்டி மூடியைத் தொட்டுப் பார்த்தேன்,
இன்னும் சில்லென்றுதான் இருந்தது,
அல்லது என் கை சுடுகிறது.